வைக்கோல்போருக்குள் மஞ்சள் வண்டி

என் வண்டியைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்கள்.

அது ரோட்டில் ஓட்டுவதற்காகச் செய்த பந்தய மோட்டார் சைக்கிள். கம்பெனிக்காரர்கள் தங்களுடைய பழைய பந்தய அணியின் நிறத்தை அடித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் எங்கோ வெளிநாட்டில் ஜெயித்த அணியாம். மஞ்சள் உடம்பு. டாங்கின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். முகப்பில் வெள்ளை வட்டம். கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தகடு, அதில் வண்டியின் வரிசை எண். எனக்கு வந்தது முன்னூற்றுப் பதினேழு. தஞ்சாவூர் ஷோரூமில் அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அங்கே வேலை பார்த்த பையன்கள் எல்லாரும் கைப்பேசியோடு வந்து நின்றார்கள்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் முதல் கேள்வி இதுதான்.

"இது எந்தக் கட்சி மாப்ளே?"

எங்கள் பக்கத்தில் இரண்டு நிறம் சேர்ந்திருந்தால் அது கொடி. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"கட்சி இல்ல. ரேஸ் டீம் கலரு."

"அப்ப சின்னம் என்ன? அந்த வெள்ள வட்டமா?"

"சின்னம் இல்லப்பா, நம்பர் எழுதுற எடம்."

பெஞ்சில் இருந்த இன்னொருவன் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "அட போங்கடா. மஞ்சளும் கறுப்பும்னா ஆட்டோ. வர்ற வழில ஒரு சக்கரம் கழண்டு விழுந்துடுச்சு, பாவம்."

அன்றிலிருந்து என் வண்டிக்கு ஆட்டோ என்று பெயர்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்லத் தெரியாது. மஸ்கட்டில் ஒன்பது வருஷம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தேன். அவர் போன பிறகு நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் இங்கேயே தங்கினேன். எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியது. வாங்கினேன். அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவு இல்லை. எங்கள் தெருவிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் மேலத்தெருவைக் கடக்க வேண்டும். அப்பா காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிள் ஏறிப் போகக் கூடாது. இறங்கி உருட்ட வேண்டும். ஆட்சி மாறி, சட்டம் வந்து, யாரும் யாரையும் அப்படிச் சொல்ல முடியாது என்றான பிறகும் அப்பா இறங்கித்தான் போவார். யாரும் சொல்லவில்லை. கால் தானாக இறங்கிவிடும். சின்ன வயதில் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னையும் இறக்கிவிடுவார். அது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அந்தத் தெருவில் இரண்டாவது கியரில் முறுக்கிக்கொண்டு போனால் இந்த வண்டி போடுகிற சத்தம் இருக்கிறதே, அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

மேலத்தெருவில் இருந்தவர்தான் காரியஸ்தர். நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், சென்னையில் இருக்கும் ஒரு பழைய மிராசு குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் நிலத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். அவர்களுக்குப் பதிலாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் காரியஸ்தர். வண்டி வந்த மறுநாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, தெருவுல கொஞ்சம் மெதுவா போங்க. வயசானவங்க இருக்காங்க."

"மெதுவாத்தாங்க போறேன். வண்டிச் சத்தமே அப்படித்தான்."

"குத்தகைக்காரங்கல்லாம் இப்ப பிளேன் வாங்குற அளவுக்கு வந்துட்டீங்க. சந்தோஷம்."

அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

நான் வண்டியை எப்படி வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பொன் போல வைத்திருந்தேன். அதே வண்டி வைத்திருப்பவர்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்தேன். அவர்களோடு ஒருமுறை வேதாரண்யம் வரை போய், உப்பளத்துக்குப் பக்கத்தில் பந்தய ஜாக்கெட் போட்டுக்கொண்டு படம் எடுத்தேன். நல்ல படம். வெள்ளை உப்பு, மஞ்சள் வண்டி, நடுவில் நான்.

இரண்டாம் வருஷம் அப்பாவின் பழைய மொபெட் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வயல் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். வாய்க்கால் கரையில்தான் போக வேண்டும், டிராக்டர் போகாது. உரமூட்டை, விதைமூட்டை, நாற்றுக்கட்டு எல்லாம் எதில் போகும்? தலையில் சுமந்து பார்த்தேன். நான்காம் நாள் கழுத்து திரும்பவில்லை. வாசலில் மஞ்சளாக ஒன்று மினுக்கிக்கொண்டு நிற்கிறது, நான் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூத்தாநல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பின்னாடி சீட்ட கழட்டிட்டு ஒரு இரும்பு கேரியர் வைங்க பாய்."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எதுக்கு?"

"மூட்ட வைக்க."

"இதுலயா? தம்பி, இது நம்பர் போட்டு வந்த வண்டி. என் மவன் இதோட படத்தப் போன்ல வச்சிருக்கான். இதுல நான் கம்பி வச்சுப் பத்தவச்சேன்னு தெரிஞ்சா வீட்ல சோறு கெடைக்காது."

"மவன்கிட்ட சொல்லாதீங்க."

அரை மணி நேரம் புலம்பிக்கொண்டே வைத்துக் கொடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. யூரியா மூட்டையோடு ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். போகட்டும். அவர்கள் வண்டிக்கு மெழுகு தேய்ப்பவர்கள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி வயல் வண்டி. முன் சக்கரத்திலிருந்து டாங்க் வரை சேறு. கயிறு உரசிக் கறுப்புக் கட்டங்களில் பாதி அழிந்துபோனது. அதில் எனக்கு உள்ளுக்குள் வெட்கம் இருந்தது. ஆசையாக வாங்கியதை இப்படி ஆக்கிவிட்டேனே என்று. வெளியூர் ஆட்கள் கேட்டால் வேதாரண்யத்துப் படத்தைத்தான் காட்டுவேன். வாட்ஸ்அப்பில் என் முகப்புப் படமும் அதுதான். அந்த வீம்புதான் பின்னால் என் கழுத்துக்கு வந்தது.

வருவாய் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்களைக் குத்தகையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று மிராசு குடும்பத்தின் பெயரில் காரியஸ்தர் மனுப் போட்டிருந்தார். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மனுவில் அதெல்லாம் இல்லை. அதில் இருந்தது நான்தான். 'எதிர்மனுதாரர் நிலத்தில் இறங்கி உழைக்கும் சாகுபடிதாரர் அல்ல. விலையுயர்ந்த பந்தய மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றித் திரியும் நபர். நிலத்தை வேறு ஆட்களிடம் விட்டுப் பயிர் செய்கிறார்.' கூடவே ஒரு வண்ணப் படம். உப்பளம், ஜாக்கெட், நான்.

படித்துவிட்டுக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன். என் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிச்சுட்டு? வக்கீல்கிட்ட எதக் காட்டுவீங்க?"

சட்டம் என்ன சொல்கிறது என்றால், குத்தகைக்காரன் தன் உடம்பாலோ தன் குடும்பத்தார் உடம்பாலோ அந்த நிலத்தில் உழைக்க வேண்டும். உழைத்தால் சும்மா வெளியேற்ற முடியாது. உழைக்கவில்லை என்று ஆகிவிட்டால் பாதுகாப்பு போய்விடும். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்ற அதிகாரிகள் ஊருக்கு வந்த காலத்தில், மிராசுக்குப் பயந்து பெயர் கொடுக்காதவர்கள் எத்தனையோ பேர். சைக்கிளைவிட்டு இறங்கி நடந்த அதே அப்பா, அன்றைக்கு வரிசையில் போய் நின்று பெயர் கொடுத்திருக்கிறார். அடுத்த பட்டத்துக்கு மிராசு ஆட்கள் வாய்க்கால் மடையை அடைத்தார்கள். அவர் பெயரை எடுக்கவில்லை. அப்படி வந்த நிலம், ஒரு படத்தால் போகப் பார்த்தது.

வக்கீல் படத்தைப் பார்த்துத் தலையைத் தடவினார்.

"இப்படி ஒரு போட்டோவ ஏங்க எடுத்தீங்க?"

"எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"கோவப்படாதீங்க. ஆர்.ஐ. நேர்ல வந்து பார்த்து ரிப்போர்ட் குடுப்பாங்க. அவங்க வர்ற அன்னிக்கு அந்த வண்டி மட்டும் கண்ணுல படக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. எங்கள் ஊருக்கு இதைப் புரியவைக்க வக்கீல் தேவையில்லை. அதிகாரி வருகிறார் என்றால் இருப்பதை மறைப்பதுதான் எங்கள் பழக்கம். புயல் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தால் ஃபிரிட்ஜின் மேல் புடவையைப் போர்த்துவோம். டி.வி.யைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். முதியோர் பென்ஷனுக்கு விசாரிக்க வந்தால், துபாயில் இருக்கும் பையனைப் பற்றித் தெருவில் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். ஏழையாகத் தெரிந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று இத்தனை வருஷமாக எங்களுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். அதனால் நானும் யோசிக்கவில்லை. என் மனைவியும் யோசிக்கவில்லை. ஆர்.ஐ. வருகிற நாள் காலையில் வண்டியைக் கொல்லைக்குத் தள்ளிப் போய் வைக்கோல்போரில் சாய்த்து, போரிலிருந்து வைக்கோலை உருவி மேலே போட்டு மூடினோம். தூரத்திலிருந்து பார்த்தால் போருக்கு வயிறு வைத்தது போல இருந்தது.

"மாசமா இருக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

"வாய மூடு. பயமா இருக்கு."

உண்மையிலேயே பயமாக இருந்தது. மஸ்கட்டில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் கிடந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. நிலம் போனால் எனக்கு இந்த ஊரில் ஒன்றுமில்லை. மறுபடி விசா எடுக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எவன் கூப்பிடுவான்?

ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், ஒரு அம்மா. ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முகத்தில் சிரிப்பே கிடையாது. பின்னாலேயே காரியஸ்தர், கையில் அந்த வண்ணப் படம். முதலில் வயலுக்குப் போனோம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். பாதி வயலில் நடவு முடிந்திருந்தது, பாதியில் தண்ணீர் நின்றது.

"இதெல்லாம் ஆள் வச்சு நட்டது மேடம்" என்றார் காரியஸ்தர். "இவர் வரப்புல நின்னு போன் பேசுவார்."

"நடவுக்கு ஆள் வைக்காம யாருங்க நடுறா?" என்றேன். "நீங்க வந்து நடுறீங்களா?"

"தம்பி, மரியாதையாப் பேசுங்க."

"நீங்க மரியாதையா மனுப் போட்டீங்களா?"

ஆர்.ஐ. அம்மா என்னைப் பார்த்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தோம். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். ஆர்.ஐ. அம்மா மோரைத் தொடவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இந்த வண்டி உங்களோடதுதானா?"

"ஆமாங்க."

"எங்க இருக்கு?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "அது இங்க இல்லீங்க மேடம். எங்க அண்ணன் ஊர்ல இருக்கு."

இவளுக்கு அண்ணனே கிடையாது. காரியஸ்தர் சிரித்தார். அவருக்கு எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும்.

"பாத்தீங்களா மேடம், எப்படிப் பொய் வருதுன்னு? வயல் வேல செய்யிறவனா இருந்தா வண்டிய ஏன் ஒளிக்கணும்? இவங்கப்பா பரவால்ல. பாவம், சைக்கிள்ல ஏறக்கூட மாட்டாரு எங்க தெருவுல. அவ்வளவு அடக்கம். இவனுக்கு ரேஸ் வண்டி."

முதலில் இருந்த 'தம்பி', 'இவன்' ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அப்பாவை அடக்கம் என்று சொன்னாரே, அதுதான். வக்கீல் சொன்னது, நிலம், விசா, எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோனது. எழுந்து நேராகக் கொல்லைக்குப் போனேன். என் மனைவி "ஏங்க, ஏங்க" என்று பின்னால் ஓடிவந்தாள். வைக்கோலை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தேன். வண்டியை இழுத்து வெளியே நிறுத்தினேன்.

"இந்தா இருக்கு! பாத்துக்குங்க! எங்கப்பா எறங்கி நடந்தாரு, நான் ஏறித்தான் போவேன். நிலத்த எடுத்துக்கிட்டாலும் ஏறித்தான் போவேன்!"

அவர்கள் இரண்டு பேரும் கொல்லைக்கு வந்துவிட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆர்.ஐ. அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதுதான் அதுவா?"

அப்போதுதான் நானும் அதை ஒரு அந்நியனின் கண்ணால் பார்த்தேன். படத்தில் இருந்ததற்கும் எதிரில் நின்றதற்கும் முகப்பில் இருந்த வெள்ளை வட்டத்தைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. காய்ந்த சேறு அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. செயினில் நாற்று வேர் சுற்றியிருந்தது. பாய் வைத்த கேரியரில் சணல் கயிறு தொங்கியது. மஞ்சள் எங்கே என்று தேட வேண்டும்.

அந்த அம்மா குனிந்தார். கேரியருக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு உண்டு, சேறு கட்டிக் கிடக்கும். அதற்குள் விரலை விட்டு எதையோ கிள்ளி எடுத்தார். நெற்பயிர். நாலு விரல் உயரம், வேரோடு, வெளுத்துப்போய். அந்த இடுக்கில் இன்னும் ஏழெட்டு முளைத்திருந்தது.

"இது என்ன?"

"முளை கட்டின விதைங்க. ரெண்டாவது நாத்தங்காலுக்கு ஈர மூட்டைல கொண்டுபோனேன். மூட்ட ஒழுகிடுச்சு."

"எத்தன நாள் ஆச்சு?"

"பன்னெண்டு நாள்."

"என்ன ரகம்?"

"பொன்மணி."

தலையை ஆட்டினார். காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "வேற ஆள்கிட்ட விட்டுப் பயிர் செய்றார்னு சொன்னீங்களே, அந்த ஆள் யாரு? பேர் சொல்லுங்க, விசாரிச்சுக்கிறேன்."

"அது... ஊர்ல பேசிக்கிறாங்க மேடம்."

"ஊர் பேர எழுதிக்க முடியாதுங்க."

பிறகு என் மனைவியின் காலைப் பார்த்தார். அவள் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், மஞ்சள் பத்துப் போட்டிருந்தாள்.

"நீங்களும் வயல்ல எறங்குறீங்களா?"

"நான்தாங்க எறங்குறேன்" என்றாள் அவள். "இவரு அந்த ஆட்டோவ ஓட்டுவாரு."

அந்த அம்மா முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். தன் கைப்பேசியை எடுத்து வண்டியை நாலு பக்கமும் படம் பிடித்தார். இடுக்கில் இருந்த பயிரைக் கிட்டத்தில் வைத்துப் பிடித்தார். வாசலுக்கு வந்து, அதுவரை தொடாத மோரை நின்றபடியே குடித்தார். ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னிடம் சொன்னார்:

"இனிமே எத ஒளிக்கணும், எத ஒளிக்கக் கூடாதுன்னு யோசிச்சு ஒளிங்க."

அறிக்கை என்ன சொல்லும் என்று அதற்குப் பிறகும் எங்களுக்குத் தெரியாது. மூன்று வாய்தா போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வண்டியிலேயே போனேன், கழுவாமல். வக்கீல் தன் கார் பக்கத்தில் அதை நிறுத்த வேண்டாம் என்றார்.

தீர்ப்பு நாளில் என் மனைவியும் வந்தாள். பின்னால் சீட்டு இல்லை. கேரியரில் கோணிப்பையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலத்தெருவில் போகும்போது என் தோளைத் தட்டினாள். மெதுவாகப் போகச் சொல்கிறாளோ என்று கியரைக் குறைத்தேன்.

"ஏன் கொறைக்கிறீங்க?" என்று காதுக்குள் கத்தினாள். முறுக்கினேன்.

மனு தள்ளுபடி. உத்தரவை வக்கீல் படித்துச் சொன்னார். எதிர்மனுதாரரும் அவர் மனைவியும் நிலத்தில் நேரடியாக உழைத்துச் சாகுபடி செய்வது தல விசாரணையில் தெரிகிறது. மனுதாரர் சுட்டும் மோட்டார் சைக்கிள் விவசாய இடுபொருள் ஏற்றப் பயன்படுத்தப்படுகிறது. இவ்வளவுதான் எழுதியிருந்தது. முன்னூற்றுப் பதினேழாம் வண்டிக்கு அப்படி ஒரு பெயர்.

நான் கத்தவில்லை. ஆடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பல மாதமாக நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தது போலவும், அவன் எழுந்து போய்விட்டது போலவும் இருந்தது. என் மனைவி பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். டீ நன்றாகவே இல்லை. இரண்டு குடித்தேன்.

"எங்க அண்ணன்கிட்ட சொல்லிடணும்" என்றாள் அவள்.

"எந்த அண்ணன்?"

"வண்டிய வச்சிருந்தாரே, அவருதான்."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மிராசு தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகலாம், அதற்கு வழி இருக்கிறது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதனால் வண்டியைக் கழுவவில்லை. தை மாதம் அறுப்பு வரைக்கும் அந்தச் சேற்றை அப்படியே விட்டுவைத்தேன். இடுக்கில் இருந்த பயிர் காய்ந்துபோனது. அதையும் எடுக்கவில்லை. அவர்கள் மேலே போகவில்லை. காரியஸ்தர் இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறார். பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் அதுதான் வசதி.

அறுப்பு முடிந்த மறுநாள் வண்டியை வாய்க்கால் துறைக்குத் தள்ளிப் போய், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக் கழுவினேன். மதியம் வரை ஆனது. கீறல் விழுந்த மஞ்சள் வெளியே வந்தது. கறுப்புக் கட்டங்களில் இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு மிச்சம். துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கேரியரக் கழட்டிடலாமா? பழையபடி ஆகிடுமே."

"அடுத்து உளுந்து வருதே, அந்த மூட்டைய யாரு தூக்குறது, உங்க அண்ணனா?" என்றேன்.